அப்பாவுக்குக் கொடுத்த ஐந்து நொடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றியது நான்தான். அதுவரை அதில் விண்டோஸ் மட்டும் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. செவிலிமேட்டில், புதிது புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். கம்ப்யூட்டர் வாங்கியது அப்பாவுக்காக.

அப்பா பூகோள வாத்தியார். திருப்புட்குழிப் பக்கம் விவசாயக் குடும்பம். படித்து வேலைக்கு வந்து, முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாசமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் சுற்ற ஆரம்பித்தார். காஞ்சிபுரத்தைச் சுற்றி இருக்கிற ஏரிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதுவார். தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது, மதகு எத்தனை, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போய்ச் சேருகிறது, இதெல்லாம்தான்.

"நைல் நதி எங்க பொறக்குது, எங்க கடல்ல கலக்குதுன்னு முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன். நம்ம ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளும் சொல்லல" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில், டைப் அடிக்கணும், கையால எழுத முடியல என்றார். கரும்பலகையில் கோடு போட்ட மாதிரி எழுதுகிற மனுஷர். அவர் நோட்டைப் பார்த்தேன். வரியின் முதல் எழுத்து ஒழுங்காக இருக்கும். போகப் போகச் சின்னதாகி, வரி முடிகிற இடத்தில் எறும்பு வரிசை மாதிரி ஆகியிருக்கும். "என் எழுத்து எனக்கே புரியலம்மா" என்றார். கண்ணில் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றினோம். எழுத்து மாறவில்லை. கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டிங் பழகியவர் என்பதால் தமிழ் ஃபாண்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்ததும், ஒரு ஏரிக்கு ஒரு ஃபைல் என்று மெதுவாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். தபால் வழியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மாசத்துக்கு இரண்டு ஞாயிறு சென்னையில் வகுப்பு. அங்கே எல்லோரும் லினக்ஸ், லினக்ஸ் என்றார்கள். பாடத்துக்கும் அது வேண்டியிருந்தது. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த மூன்று சி.டி.க்களை வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி அப்பாவின் விண்டோஸ். இன்னொரு பாதி என் லினக்ஸ்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் இருந்தால், சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு பட்டியல் வரும். எது வேண்டும் என்று கேட்கும். அம்புக்குறி பட்டனால் கீழே இறங்கி, வேண்டியதன்மேல் நின்று என்டர் தட்ட வேண்டும். எதையும் தொடாமல் விட்டால், சொல்லி வைத்த நேரம் முடிந்ததும் முதலில் இருப்பது தானாக எழுந்துகொள்ளும். அந்தப் பட்டியலில் என் லினக்ஸ் முதலாவதாக உட்கார்ந்தது. அப்பாவின் விண்டோஸ் இரண்டாவது. மூன்றாவதாக லினக்ஸின் பழைய வடிவம் ஒன்று. காத்திருக்கும் நேரம் முதலில் பத்து நொடி என்று இருந்தது. பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் பத்து நொடி காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஐந்தாக்கினேன்.

வரிசையை மாற்றி விண்டோஸை முதலில் வைக்க முடியும். எப்படி என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தவை ஒரு அலமாரித் தட்டும் இந்தக் கம்ப்யூட்டரில் பாதியும்தான். அதில் நான் முதலில் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவை உட்கார வைத்துக் காட்டினேன். "கீழ் அம்பு ஒரு தட்டு. அப்புறம் என்டர். அவ்ளோதாம்பா." தலையாட்டினார். ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் நான் வந்ததும், "உன்னோடதுதான் வந்துக்கினு இருக்குது, என்னோடது வரல" என்றார். மறுபடி காட்டினேன். நான் தட்டினால் வந்தது. அதற்கடுத்த நாளும் அதே கதை. வாரத்தில் நாலு நாளாவது அவர் போய் நின்றது கறுப்புத் திரையில், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற இடத்தில். சில நாள் மூன்றாவதில் போய் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து எப்படி வெளியே வருவது என்று அவருக்குத் தெரியாது. நானும் பள்ளியில் இருப்பேன். முன்னால் இருக்கிற பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு மறுபடி போடுவார். மறுபடி தவறினால் மறுபடி அணைப்பார்.

"அப்படி அணைக்காதப்பா, கெட்டுடும்" என்றேன்.

"வேற எப்படி அணைக்கிறது?"

"மொதல்ல அதுக்குள்ள போகாம இரு. சீட்டுல எழுதி ஒட்டியிருக்கேன் இல்ல?"

என்னைப் பார்த்தார். அந்த நாட்களில் அவர் முகம் ஒரு மாதிரி இறுகிக் கிடந்தது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. லினக்ஸ் போட்டது அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் வேண்டுமென்றே வீம்பு பண்ணுகிறார் என்று நானாக முடிவு கட்டினேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் நீல நிறம். விண்டோஸ் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, உடைந்த ஃபைல் துண்டுகள் இருக்கின்றன, சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. சரி என்று தட்டினேன். கடைசியில் விண்டோஸ் எழுந்தது. அப்பாவின் ஏரி ஃபோல்டரைத் திறந்தால் காலி. வேறொரு இடத்தில் பெயர் இல்லாமல், வெறும் எண்களாகத் துண்டு துண்டாக ஃபைல்கள் கிடந்தன.

"என்னப்பா பண்ணின?"

"உன்னோடது வந்துடுச்சு. அணைச்சேன். திரும்பவும் வந்துச்சு. அணைச்சேன்."

"எத்தன வாட்டி?"

"நாலஞ்சு வாட்டி இருக்கும்மா."

ஒன்றரை வருஷ உழைப்பு. அவருடைய உழைப்புதான். ஆனால் என்னுடையது போன மாதிரி கத்தினேன். "அஞ்சு செகண்டுல ஒரு பட்டனத் தட்ட முடியாதா உன்னால? ஒரே ஒரு பட்டன். அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க தட்டுதுங்கப்பா."

அவர் எழுந்தார். நாற்காலியின் கையைப் பிடித்து, ஒரு தடவை முயன்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. காலையிலிருந்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினைந்து ஏரிகளில் பதினொன்று முழுதாகவோ முக்கால்வாசியோ கிடைத்தன. வாலாஜாபாத் பக்கத்து நாலு ஏரிகள் கிடைக்கவில்லை. அவை இருந்த இடத்தில் என் பாடக் குறிப்புகளின் துண்டுகள் கிடந்தன. அது எப்படி இங்கே வந்தது என்று அப்போதே ஒரு நிமிஷம் உறுத்தியது. அதைத் தள்ளி வைத்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. எங்கே தப்பு பண்ணுகிறார் என்று பார்த்துவிடுவது என்ற எண்ணம். "உக்காருப்பா. நீயே போடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சுவிட்சைப் போட்டார். பட்டியல் வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன்.

வலது கை தொடைமேல் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரலின்மேல் மெல்ல உருண்டுகொண்டிருந்தது, எதையோ உருட்டுகிற மாதிரி. திரையில் ஐந்து, நான்கு என்று எண் இறங்கியது. கை கிளம்பவில்லை. அவர் பார்வை அம்புக்குறி பட்டன்மேலேயே இருந்தது. தோள் இறுகுவது தெரிந்தது. மூன்று. கை மெதுவாக மேலே வந்தது. இரண்டு. விரல் பட்டனுக்கு மேலே வந்து அப்படியே நின்றது. ஒன்று. லினக்ஸ் எழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் விரல் பட்டனில் விழுந்தது, ஒன்றல்ல, இரண்டு மூன்று தட்டு.

"இதாம்மா" என்றார் அப்பா. "கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது."

"எத்தன நாளா?"

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அம்மாதான் சொன்னாள். "நாலு மாசமா நான்தான் சட்டைக்குப் பட்டன் போட்டு உடறேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. உனக்குப் பரீட்சை இருக்குதாம்."

நாலு மாசம். நான் லினக்ஸ் போட்டு மூன்று மாசம் ஆகியிருந்தது.

ஊரில் இருந்த டாக்டர் சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே நரம்பு டாக்டர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேக வேகமாகச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார். நாலாவது தடவையிலேயே விரல்கள் சோர்ந்து நின்றன. வராண்டாவில் நடக்கச் சொன்னார். இடது கை வீசியது, வலது கை வீசவில்லை. கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, ஏதாவது ஒரு வரி எழுதச் சொன்னார். அப்பா ஓர் ஏரியின் பெயரையும் அதற்கு எந்தக் கால்வாயிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதையும் எழுதினார். எழுத்து போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"இப்படி எழுத்து சின்னதாகி எவ்வளவு நாளாச்சு?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

"அப்பவே கூட்டிக்கினு வந்திருக்கலாம்."

"கண்ணுன்னு நெனச்சோம்."

டாக்டர் திட்டவில்லை. நடுக்குவாதம் என்றார். முகம் இறுகிப் போவதும் இந்த வியாதியில்தான், அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். குணமாகாது, மாத்திரையால் கொஞ்ச வருஷம் ஓட்டலாம் என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "டைப் அடிக்கலாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாராளமாக அடிக்கலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தப் பட்டியலை நீக்கியது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேராக விண்டோஸ் மட்டுமே எழும்படி மாற்றினேன். லினக்ஸ் எழுவதற்கு ஒரு ஃப்ளாப்பி தயார் செய்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே, எதை முதலில் தேட வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கும். அதில் முதலில் ஃப்ளாப்பி, இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் என்று வைத்தேன். எனக்கு வேண்டுமென்றால் ஃப்ளாப்பியைச் செருகிக்கொண்டு போடுவேன். அப்பா எதையும் தொட வேண்டாம். ஒரே பட்டன் இரண்டு மூன்று தடவை விழுந்தாலும் ஒரு தடவையாக மட்டும் எடுத்துக்கொள்ளும்படி விண்டோஸில் ஒரு வசதி இருந்தது. அதையும் போட்டு வைத்தேன். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேர வேலை.

அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். விண்டோஸ் வந்து நின்றது.

"இப்ப எதுவும் கேக்கவே இல்லியே?"

"கேக்காதுப்பா. நேரா உன்னோடதுதான் வரும்."

"அப்ப உன்னோடது?"

"ஃப்ளாப்பி போட்டா வரும்."

"மொதல்லியே இப்படிப் பண்ணியிருக்கலாமில்ல?" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வரைந்த மேப்பைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. லினக்ஸ் எனக்குப் புதுசு, எப்போது வேண்டுமானாலும் கெட்டுப் போகும் என்ற பயத்தில், அது எழும் ஒவ்வொரு தடவையும் என் பாடக் குறிப்புகளை அப்பாவின் விண்டோஸ் பகுதியில் நகலெடுத்து வைக்கும்படி ஒரு கட்டளை எழுதியிருந்தேன். எழுதியதையே மறந்துவிட்டேன். அப்பா லினக்ஸில் மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கிய ஒவ்வொரு முறையும், அது அவருடைய பகுதியில் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்திருக்கிறது. அந்தக் கட்டளை இல்லாமல் இருந்திருந்தால் அவர் நூறு முறை அணைத்திருந்தாலும் அநேகமாக அவர் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவருடைய நாலு ஏரிகள் இருந்த இடத்தில் என் குறிப்புகள் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பா அதற்குள் அம்மாவிடமும், வீட்டுக்கு வந்த பழைய சக வாத்தியார் ஒருவரிடமும், "நானே அழிச்சிட்டேன் சார், கை நடுங்கி நானே அழிச்சிட்டேன்" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் வாயைத் திறக்கப் பார்ப்பேன். பரீட்சை முடியட்டும், மாத்திரை பிடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

மாத்திரை பிடித்தது. ஒரு மாசத்தில் அவரே சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டார். நாலு ஏரிகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். நோட்டில் எழுதியிருந்ததை அவராலும் படிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் வாலாஜாபாத் பஸ்ஸில் கிளம்பினேன். அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, கொஞ்சம் நடந்து, முதல் ஏரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. கரைமேல் அவர் மெதுவாக நடந்தார். திரும்ப வேண்டிய இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்புறம் கிளம்பும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தோம். கீழே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

"போன வருஷம் இங்க வந்தப்ப ஓட்டமா ஏறினேன்" என்றார். "எல்லாத்தையும் நானே கெடுத்துக்கினு, இப்ப திரும்ப வந்து உக்காந்துக்கினு இருக்கேன்."

"நீ கெடுக்கலப்பா."

"பின்ன யாரு?"

சொன்னேன். கட்டளையைப் பற்றி, அது என்ன செய்தது என்பதைப் பற்றி, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கடைசியில், "அப்ப நான் இல்லியா?" என்றார்.

"இல்லப்பா."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சு மாசம் ஆச்சு."

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு மாசமா நான் சொல்லிக்கினு இருக்கறத நீ கேட்டுக்கினு இருந்த" என்றார். அவ்வளவுதான். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முகத்தில் இனிமேல் எதுவும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கோபம் என்று எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை நான் தப்பாக நினைக்கவில்லை.

எழுந்து நடந்தார். கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று ஒதுக்கினார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம் நடந்தது. அந்த வாத்தியாருக்கு அவரே போன் போட்டு, "நான் அழிக்கல சார், அது வேற மாதிரி ஆயிருக்குது" என்று சொன்னதை அறைக்குள்ளிருந்து கேட்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார். நான் எழுதிக்கொண்டு வந்த தாள் அவர் முன்னால் இருந்தது.

"மதகுல எத்தன கண்ணுன்னு எழுதியிருக்கற?"

"ரெண்டு."

"மூணும்மா. ஒண்ணு கோரைப் புல்லுல மறைஞ்சிருக்கும். போன வருஷம் பாத்தேன். இந்த வாட்டி அந்தப் பக்கம் போகல. நீ போய்ப் பாத்துக்கினு வா."

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லை விலக்கி இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறுகிற மூன்றாவது கண் இருந்தது. சேறு அடைத்து, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வந்து சொன்னேன். "அடைச்சிருக்குதா?" என்று கேட்டு அதையும் சேர்த்து டைப் அடித்தார். பிறகு இன்னொரு ஏரிக்கும் அவர் சொல்லி நான் போனேன். மீதி இரண்டு ஏரிகளுக்குப் போவதற்குள் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அவராலும் பஸ் ஏற முடியாமல் போனது. அந்த இரண்டுக்கும் தலைப்பு மட்டும் அடித்து, கீழே வெற்றிடமாக விட்டு, எல்லா ஏரிகளையும் பிரதி எடுத்துப் புத்தகமாகத் தைத்தோம். ஒரு பிரதி அவர் வேலை பார்த்த பள்ளியில் இருக்கிறது.